பூச்சாடிக்கு வந்த தொற்று

மனிதனுக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி ஞானிகள் காட்டுக்குப் போனார்கள், தத்துவ மேதைகள் தாடி வளர்த்தார்கள், பல்கலைக்கழகங்கள் மாநாடு கூட்டி மதியச் சாப்பாட்டோடு கலைந்தன. ஒருவருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் விடையைக் கண்டுபிடித்தவர் ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளர். விடை இதுதான்: மூத்திரம்.

சிரிக்கக் கூடாது. மகத்தான உண்மைகள் முதன்முதலாகக் காதில் விழும்போது இப்படித்தான் கொஞ்சம் நாறும்.

கண்டுபிடிப்பு நிகழ்ந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லத்தில் ஓய்வு பெற்ற வக்கீல் ஒருவர் இருந்தார். பட்டப்பகலிலும் வெளிக்கதவை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள், இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று தினமும் அலுவலக வாசலில் வந்து நிற்பார். இது நல்ல உடம்பில் வரக்கூடிய கேள்வி இல்லை என்று மேலாளருக்குத் தோன்றியது. சிஸ்டரைக் கூப்பிட்டு வக்கீலின் சிறுநீரைச் சோதிக்கச் சொன்னார். சோதனை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை, அதில் வரிசையாக வண்ணக் கட்டங்கள். முக்கி எடுத்தால் கட்டங்கள் நிறம் மாறும். மாறியது. போனில் டாக்டரைக் கேட்டார்கள். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் என்றார். இரண்டு நாளில் வக்கீலுக்கு வயிறு பிய்த்துக்கொண்டு போனது. சட்டம் பேச நேரமில்லாமல் கழிப்பறையே கதி என்று ஆனார். மாத்திரை தீர்ந்தபோது கட்டிலை விட்டு எழுந்திருக்கவே அவருக்குத் தெம்பில்லை. கதவு பூட்டியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன? மேலாளர் கட்டிலருகே நின்று, "இப்ப எப்படி இருக்கீங்க சார்?" என்று விசாரித்தார். வக்கீல் பதில் சொல்லவில்லை.

"குணமாயிட்டார்" என்று மேலாளர் அறிவித்தார்.

அன்றிலிருந்து இல்லத்தில் ஓர் ஒழுங்கு வந்தது. குரல் உயர்ந்தால் பட்டை. பட்டை நிறம் மாறினால் மாத்திரை. மாத்திரை முடிந்தால் அமைதி. காபி ஆறிப்போயிருக்கிறது என்று சொன்ன பழைய ரயில்வே கார்டுக்கு ஒரு 'கோர்ஸ்'. தன் சேலையை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று புகார் செய்த தையல்காரம்மாவுக்கு இரண்டு 'கோர்ஸ்'. சேலை உண்மையிலேயே அவருடையது என்பதால் நோய் முற்றியிருந்ததாகக் கருதப்பட்டது.

சிஸ்டர் மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தார். "சார், வயசானவங்க நிறையப் பேருக்கு ஒரு நோயும் இல்லாமலே இந்தப் பேப்பர் கலர் மாறும். காய்ச்சல் இருக்கா, எரிச்சல் இருக்கான்னு பாத்துட்டுதான் மாத்திரை குடுக்கணும்."

மேலாளர் அவரைப் பரிவோடு பார்த்தார். "உங்களுக்கு எரிச்சல் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டார். மேஜையில் பட்டை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சிஸ்டர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

போன் டாக்டரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். அவரை இல்லத்தில் ஒருவரும் நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும் உண்டு. நோயாளியைத் தொடாமல், பார்க்காமல், சமயத்தில் பெயரைக்கூடக் கேட்காமல் மருந்து சொல்லிவிடும் தவவலிமை அவருக்கு வாய்த்திருந்தது. பின்னணியில் எப்போதும் தட்டும் கரண்டியும் மோதும் சத்தம் கேட்கும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒரே டாக்டர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்த மருத்துவப் புரட்சியின் பலனை மிக அதிகமாக அனுபவித்தவர் தந்தியம்மா. வாழ்நாள் முழுக்கத் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வார்த்தைக்கு வார்த்தை கட்டணம் வாங்கிய இடத்தில் இருந்து இருந்து, பேச்சிலும் சிக்கனம் ஒட்டிக்கொண்டது. "காபி. சூடா." "ஃபேன். நிறுத்து." மகன் போனில் கூப்பிட்டால் "நலம். வா" என்பார். முதல் வார்த்தையைக் கேட்டதுமே மகனுக்கு மனசு நிறைந்துவிடும். இரண்டாவதை அவன் கவனித்ததே இல்லை.

அவருக்கு எதிர்க் கட்டிலில் டீச்சர். மழலைப் பள்ளியில் குழந்தைகளைப் பார்த்து "சத்தம் போடக் கூடாது" என்று ஆயுள் முழுக்கச் சொல்லி, அதைக் கடைசியில் தான் ஒருத்தி மட்டும் கற்றுக்கொண்டவர். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு படுத்த படுக்கை. ஒரே பக்கமாகக் கிடந்ததில் குதிகாலில் சின்னதாக ஒரு புண். வலிக்கிறதா என்று கேட்டால், "பரவால்லக்கா" என்பார். சாப்பாடு பிடித்ததா? பரவால்லக்கா. தூங்கினாயா? பரவால்லக்கா. தந்தியம்மா கட்டில் கம்பியில் விரலால் தட்டித் தட்டி டீச்சருக்குத் தந்தி எழுத்துகள் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருந்தார். காலையில் கண் விழித்ததும் இந்தக் கட்டிலிலிருந்து டொக் டொக். அந்தக் கட்டிலிலிருந்து டொக். உயிரோடு இருக்கிறோம் என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அறிவித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார்கள். தந்தியம்மாவுக்கு அந்த இல்லத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு 'டொக்'தான் இருந்தது.

வம்பு அந்தக் குதிகாலில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் ஆயாம்மா பக்கத்து அறைத் தாத்தாவுக்கு டயப்பர் மாற்றிவிட்டு, அதே கையுறையோடு நேரே வந்து டீச்சரின் குதிகால் கட்டைப் பிரித்தார்.

"கை" என்றார் தந்தியம்மா.

"என்ன கை?"

"கழுவு."

"கிளவுஸ் போட்டிருக்கேன்லம்மா! என் கையில ஒண்ணும் படாது."

"உன் கைக்கு இல்ல. அவ காலுக்கு."

ஆயாம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு ஜோடிக் கையுறை என்பது மேலாளரின் உத்தரவு. காலையில் மாட்டினால் மாலையில்தான் கழற்ற வேண்டும். அந்தக் கையுறை ஆயாம்மாவை எழுபது முதியவர்களிடமிருந்தும் காப்பாற்றியது. எழுபது முதியவர்களை அந்தக் கையுறையிடமிருந்து காப்பாற்றும் திட்டம் பரிசீலனையில் இருந்தது.

தந்தியம்மா மேலாளரிடம் போய் அதே இரண்டு வார்த்தைகளைச் சொன்னார். மறுநாளும் சொன்னார். மூன்றாவது தடவை சொன்னபோது வாக்கரைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். பட்டை வந்தது. நிறம் மாறியது. ஐந்து நாள் மாத்திரை. தந்தியம்மாவுக்கு வயிறு கெட்டது. நிற்காமல் போனது. அவரைச் சுத்தம் செய்ய ஆயாம்மா வந்தார், சுத்தம் செய்தார், அப்படியே திரும்பி டீச்சரின் குதிகாலுக்குக் கட்டுப் போட்டார். அதைப் பார்த்துத் தந்தியம்மா கத்தினார். கத்தியதால் பட்டை வந்தது. இப்படி ஒரு முழுமையான சுழற்சி இயற்கையில் மழைக்கு அடுத்தபடியாக இந்த இல்லத்தில்தான் நடந்தது.

இல்லத்தில் தொற்றுத் தடுப்புக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் நாக்கு மேல் பல்லுப் போட்டுச் சொல்லிவிட முடியாது. அதற்கென்றே ஒரு குழு இருந்தது. மாதம் ஒரு தடவை மேலாளர் அறையில் கூடும். உறுப்பினர்கள் மேலாளர், சிஸ்டர், இல்லவாசிகளின் பிரதிநிதியாகத் தந்தியம்மா. வாக்கரைத் தள்ளிக்கொண்டு அலுவலகம் வரை வர முடிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார்.

"கை கழுவுறது எப்படின்னு படம் போட்டு லேமினேட் பண்ணி எல்லா வாஷ்பேசினுக்கு மேலயும் ஒட்டியாச்சு" என்று மேலாளர் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.

"குழாய்" என்றார் தந்தியம்மா.

"குழாய்க்கு என்ன?"

"தண்ணி வரல."

"அது பிளம்பிங் குழு பாக்க வேண்டிய விஷயம். நாம தொற்றுக் குழு. ஒருத்தர் வேலையில ஒருத்தர் தலையிடக் கூடாது." மேலாளர் தண்ணீர் குடித்தார். "அடுத்தது சானிடைசர். போன மாசம் எல்லா வராந்தாவுலயும் வெச்சோம். என்ன ஆச்சு தெரியுமா? யாரோ எடுத்து உபயோகப்படுத்தியிருக்காங்க! பாட்டில் பாதி காலி. அதனால இனிமே கண்ணாடி அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன். வெளிய இருந்தே எல்லாரும் பாக்கலாம். சாவி எங்கிட்ட."

"கிளவுஸ்?" என்று சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"கிளவுஸ் நல்லாத்தான் இருக்கு. ஒரு ஓட்டை இல்ல" என்றார் மேலாளர். தீர்மானம் நிறைவேறியது.

 தந்தியம்மாவின் கண் மேலாளரின் மேஜை மேல் இருந்த பூச்சாடியில் நிலைத்திருந்தது. பூக்கள் அவ்வப்போது மாறும், தண்ணீர் மாறாது. உள்ளே பழுப்பு மஞ்சளாக, அடியில் வழுவழுப்பாக என்னவோ படிந்து கிடந்தது. மறுநாள் காலையில் அவர் ஆயாம்மாவிடம் வேண்டுமென்றே ஒரு சத்தம் போட்டார். எதிர்பார்த்தபடி சாம்பிள் டப்பா வந்தது. டப்பாவை வாக்கர் பையில் போட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறவர்போல் போய், ஆளில்லாத மேலாளர் அறைக்குள் நுழைந்து, பூச்சாடியைச் சாய்த்து டப்பாவை நிரப்பினார். தந்தி அலுவலகத்தில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு நேர்த்தியாக ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்கே ஒரு திருப்தி.

பட்டை முங்கி எழுந்தபோது மேலாளரே மூச்சை இழுத்துப் பிடித்தார். ஒரு கட்டம் பாக்கியில்லாமல் நிறம் மாறியிருந்தது. உடனே போன் பறந்தது. தந்தியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டர், இதுவரைக்கும் இப்படி ஒரு கலரை நான் பாத்ததே இல்ல. பாக்கவே பயமா இருக்கு."

தட்டில் கரண்டி சத்தம் ஒரு கணம் நின்றது. "எப்படி இருக்காங்க? தலை தொங்கியிருக்கா?"

"பூச்சாடி" என்றார் தந்தியம்மா. "சாம்பிள். பூச்சாடித் தண்ணி."

மேலாளர் போனைக் கையால் மூடிக்கொண்டார். "என்னம்மா சொல்றீங்க?"

"மூத்திரம் இல்ல. உங்க பூச்சாடி. அதுக்கும் தொற்றா?"

மேலாளர் பூச்சாடியைப் பார்த்தார். தந்தியம்மாவைப் பார்த்தார். சாதாரண ஆளாக இருந்தால் இந்த இடத்தில் தலை குனிந்திருப்பார். மேலாளர் சாதாரண ஆள் இல்லை. போனில் தாழ்ந்த குரலில், "டாக்டர், நினைச்சதைவிட மோசம். தன்னையும் பூச்சாடியையும் பிரிச்சுப் பாக்க முடியல அவங்களால" என்றார்.

"மூளைக்குப் போயிடுச்சு" என்றது குரல். "பெரிய மாத்திரையா ஆரம்பிங்க."

அப்படியாகப் பூச்சாடியின் நோய்க்குத் தந்தியம்மா மருந்து சாப்பிட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும், மேலாளர் பாரபட்சம் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பூச்சாடியிலும் ஒரு மாத்திரை போடச் சொன்னார். மறுநாள் பூக்கள் முன்பைவிட நிமிர்ந்து நின்றதாக அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தந்தியம்மா மகனுக்குப் போன் செய்தார். "மாத்திரை. வேண்டாம். வா."

"அம்மா, அவங்க எவ்வளவு அக்கறையா பாத்துக்கறாங்க! ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாச்சுன்னு எனக்கு மெசேஜ் வருது. அது வந்தாதான் எனக்குத் தூக்கமே வருது. குடுக்கலேன்னா நானே வந்து சண்டை போட்டிருப்பேன்."

"சரி. சண்டை போட வா."

மகன் சிரித்தான். அம்மாவுக்கு இந்த வயசிலும் நகைச்சுவை உணர்வு குறையவில்லை என்று மனைவியிடம் சொன்னான். தந்தியம்மா போனை வைத்தார். பெற்ற வயிறு எரிந்தது. மாத்திரையால் எரிந்த வயிறும் அதுதான் என்பதால் எது எதன் எரிச்சல் என்று அவருக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெரிய மாத்திரை முடிவதற்குள் ஒரு காலையில் தந்தியம்மா கண் விழித்துக் கட்டில் கம்பியைத் தட்டினார். டொக் டொக். எதிர்க் கட்டிலிலிருந்து பதில் இல்லை. மறுபடி தட்டினார். வாக்கரைப் பிடித்து எழுந்து போய் டீச்சரின் நெற்றியில் கை வைத்தார். கை சுட்டது. டீச்சர் பாதி திறந்த கண்ணோடு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் கட்டைச் சுற்றிலும் கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. நாற்றம் வேறு.

"டீச்சர். என்னடி?"

"பரவால்..." என்று உதடு அசைந்தது. அக்கா வரவில்லை.

தந்தியம்மா வாக்கரைத் திருப்பினார். அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னார். "டீச்சருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரி. உடனே."

மேலாளர் தலை நிமிரவில்லை. அன்றைக்கு அவருக்குப் பெருநாள். முதியோர் இல்லங்களுக்கு 'அமைதி விருது' கொடுக்கும் குழு வரப்போகிறது. வராந்தாவில் கம்பளம் விரித்தாகிவிட்டது. சானிடைசர் அலமாரிக்கு உள்ளே சின்ன விளக்கு ஒன்று எரிந்தது.

"டீச்சரா? அவங்க சத்தம் போட்டாங்களா?"

"இல்ல."

"யாரையாவது திட்டினாங்களா? சாப்பாடு சரியில்லன்னாங்களா?"

"பேச்சே இல்ல!"

"அப்ப நல்லாத்தான் இருக்காங்க" என்றார் மேலாளர். "நீங்கதாம்மா கத்துறீங்க." சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் பட்டை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அவங்களைக் கட்டிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. குழு போற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

விருதுக் குழு பத்து மணிக்கு வந்தது. தலைவி வாசனையோடு முன்னால் வந்தார். மற்ற இரண்டு பேர் பின்னால் தலையாட்டிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தார்கள். எங்கும் ஓசையில்லை. வக்கீல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்வே கார்டு கண்ணை மூடியிருந்தார். "கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்று தலைவி கிசுகிசுத்தார். மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு அடக்கமாகப் புன்னகை செய்தார்.

கடைசியாக டீச்சரின் கட்டிலருகே நின்றார்கள். "இவங்கதான் எங்க இல்லத்துக்கே முன்மாதிரி" என்றார் மேலாளர். "சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு குறை சொன்னதில்ல. ஒரு மாத்திரைகூடக் குடுக்க வேண்டி வந்ததில்ல."

தலைவி நெகிழ்ந்துபோய் டீச்சரின் கையைப் பிடித்தார். "கை எவ்வளவு சூடா இருக்கு! அன்பு இருக்கறவங்களுக்குத்தான் இப்படி இருக்கும்" என்றார்.  பேச்சற்ற நிலையில் தன்னை இவ்வளவு அமைதியாக வரவேற்ற பெரியவரைத் தலைவி அதற்கு முன் பார்த்ததில்லை. கைதட்டுவதற்காகத் தன் போனைத் தந்தியம்மாவின் கட்டில் மேஜையில் வைத்தார்.

வைத்த போன் கைதட்டல் அடங்குவதற்குள் போர்வைக்குள் போய்விட்டது. போன் பூட்டியிருந்தது. ஆனால் பூட்டிய போனிலும் அவசர அழைப்பு போகும். தந்தியம்மா ஆயுள் முழுக்கப் பழகிய வேலை இது. "முதியோர் இல்லம். பெரிய தண்ணித் தொட்டிக்கு எதிர்ல. கால் புண். கடும் காய்ச்சல். நினைவு தப்புது. உடனே." மறுமுனையில் இருந்தவர் வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேலாளர் நன்றியுரையில் 'சேவை' என்ற சொல்லை நான்காவது தடவை சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் சங்கு ஊதிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் கம்பளத்தின் மேல் ஓடி வந்தார்கள். தலைவி திடுக்கிட்டுத் திரும்பினார். மேலாளரின் முகத்தில் அரைக் கணம் ரத்தம் வற்றியது. ஆனால் மேதைகளுக்கு அரைக் கணமே அதிகம்.

"ஒத்திகை!" என்றார் மேலாளர். "அவசர கால ஒத்திகை. உங்களுக்காகவே ஏற்பாடு பண்ணினோம் மேடம். சொல்லாம காட்டணும்னுதான்."

"அடடா!" தலைவி உடனே கடிகாரத்தைப் பார்த்தார். ஆம்புலன்ஸ்காரர் டீச்சரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், கட்டைப் பிரித்துப் பார்த்தார், "யார் சார் இவங்களை இப்படி விட்டது? பிரஷர் இறங்கிட்டே இருக்கு!" என்று மேலாளரைப் பார்த்துக் கத்தினார்.

"எவ்வளவு தத்ரூபமா பேசறார்" என்றார் தலைவி. "அந்த அம்மாவும் சாகக் கிடக்கற மாதிரியே இருக்காங்க."

ஒத்திகையைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அது ஒத்திகை இல்லை என்று ஆகிவிடும். மேலாளரே ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து, பலத்த கரகோஷத்துக்கு நடுவே டீச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். "கூட. நான்" என்று தந்தியம்மா வாக்கரோடு வந்து நின்றபோது அதையும் தடுக்க முடியவில்லை. ஏற்றிவிட்டார். இப்படித்தான் மேலாளர் டீச்சரைத் தக்க சமயத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். விருது அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டீச்சரைத் தொடுவதற்கு முன் ஒரு நர்ஸ் சோப்புப் போட்டுக் கை கழுவினார். விரல் இடுக்கெல்லாம் தேய்த்தார். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தந்தியம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். "பயப்படாதீங்கம்மா, பாத்துக்கலாம்" என்று நர்ஸ் தேற்றினார். தந்தியம்மா பயத்தில் அழவில்லை. அதை விளக்கிச் சொல்ல வார்த்தை நிறையச் செலவாகும் என்பதால் தலையை மட்டும் ஆட்டினார்.

புண்ணிலிருந்து எடுத்ததைச் சோதித்த முடிவு வந்த அன்று மேலாளரும் வந்தார். ஒரு கையில் பூங்கொத்து, மறு கையில் விருதுக் கேடயம். டீச்சருக்குக் காட்டினால் சந்தோஷப்படுவார் என்று கொண்டு வந்திருந்தார். டாக்டரம்மா இளவயசுக்காரர், சரியாகத் தூங்கி நாளாகியிருக்க வேண்டும். கேடயத்தை அவர் பார்க்கவில்லை.

"இந்தக் கிருமிக்கு நாங்க போட்டுப் பாத்த மருந்து எதுவுமே கேக்கல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அது கிட்னியைக் கெடுக்கும். வேற வழியில்லாம அதைத்தான் ஏத்திட்டிருக்கோம். பிழைச்சாலும் காலைக் காப்பாத்த முடியுமான்னு இன்னும் தெரியல." மேலாளரை ஏறிட்டுப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இவங்களுக்கு எத்தனை தடவை ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்க?"

மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரு தடவைகூட இல்ல டாக்டர். வாயே திறக்க மாட்டாங்க. எதுக்குக் குடுக்கணும்?"

டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. "மருந்தையே பாக்காத உடம்புல எல்லா மருந்தையும் ஜெயிச்ச கிருமி எப்படி வந்துது?"

"எனக்கு மாத்திரை" என்றார் தந்தியம்மா. "மாசா மாசம். அவளுக்குப் புண். நடுவுல ஒரே கிளவுஸ்."

 டாக்டரம்மா தந்தியம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்க வயித்துல இருந்தது மாத்திரைக்குத் தப்பிச்சுத் தப்பிச்சுப் பழகியிருக்கும்மா. அதுதான் கையுறையில ஏறி அவங்க காலுக்குப் போயிருக்கு. உங்க தப்பு இல்ல."

தந்தியம்மாவுக்கு அது ஆறுதலாக இல்லை. தன் உடம்பில் வளர்த்து, தன் சிநேகிதியின் காலுக்கு அனுப்பிவைத்ததுபோல் வெட்கமும் துக்கமுமாக இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். ஈரக் கையோடு வந்து டீச்சரின் விரலைப் பிடித்துக்கொண்டார்.

விரல் லேசாக அசைந்தது. டீச்சர் கண்ணைத் திறந்தார். எதிரில் தந்தியம்மா, அவருக்குப் பின்னால் பூங்கொத்து. டீச்சர் பூவைப் பார்க்கவில்லை. முகம் சுளித்தது. "அக்கா" என்றார். "வலிக்குதுக்கா. ரொம்ப வலிக்குது. என்னால முடியல."

இத்தனை வருஷப் பழக்கத்தில் டீச்சர் சொன்ன முதல் புகார் அது. தந்தியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. "சொல்லுடி. நல்லா சொல்லு. சத்தமா சொல்லு" என்றார். சிக்கனம் போன இடம் தெரியவில்லை. டீச்சர் சொன்னார். ஊசி குத்திய இடம் வலிக்கிறது, தாகமாக இருக்கிறது, தலையணை சரியில்லை, அந்த ஆள் எதற்கு இங்கே வந்து நிற்கிறார். டாக்டரம்மா நாடியைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

மேலாளருக்குத்தான் மனசு ஆறவில்லை. பூங்கொத்தைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களா டாக்டர், உங்க ஆஸ்பத்திரிக்கு வந்த ரெண்டு நாள்ல எப்படி மாறிட்டாங்க! எங்ககிட்ட இருந்த வரைக்கும் இப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் சொன்னா நம்ப மாட்டீங்க, எங்க இல்லத்துல எழுபது பேர் இருக்காங்க. காலையில, மத்தியானம், எப்ப வேணா வந்து பாருங்க. கத்தல் இல்ல, புகார் இல்ல, ஒரு முனகல்கூட இல்ல. அத்தனை பேரும் அப்படியே படுத்திருப்பாங்க."

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து போய்ச் சுவரில் இருந்த போனை எடுத்தார்.

"எழுபது பேராம்" என்றார் மறுமுனையிடம். "ஒருத்தர்கூடப் பேசறதில்லையாம். நம்மகிட்ட ஆம்புலன்ஸ் மொத்தம் எத்தனை இருக்கு?"